நிக்கலா, பிளாட்டினமா, இரிடியமா? என் காரில் ஸ்பார்க் பிளக் மாற்றிய அனுபவம்

2018 ஆடி மாதம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குக் கிளம்பினோம். அங்கே எஸ்டேட்டில் பெரியம்மா வீடு. நான், மனைவி, பின்சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும், டிக்கி நிறைய மூட்டை. ஆழியாறு வரை வண்டி பூப்போல வந்தது. செக்போஸ்ட் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே இழுவை குறைந்த மாதிரி தெரிந்தது. ஆள் அதிகம், மூட்டை அதிகம் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினேன். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பக்கம், வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. டாஷ்போர்டில் என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னியது.

ஓரமாக நிறுத்தினேன். நியூட்ரலில் விட்டால் என்ஜின் ஒழுங்காக ஓடுகிறது. லைட்டும் மின்னுவதை நிறுத்திவிட்டு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. மறுபடி ஏற்றினால் அதே வெட்டல். தூறல் வேறு. மேலே இன்னும் முப்பத்தொரு வளைவு இருக்கிறது. பெரியம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன். இறக்கத்தில் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. சமவெளிக்கு வந்து பொள்ளாச்சி வரை அறுபதில் ஓட்டியபோதும் இல்லை. அதுதான் எனக்குப் புதிராக இருந்தது.

மின்னுகிற என்ஜின் லைட்டைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அது நிலையாக எரிந்தால் பார்த்து ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் என்ஜினில் ஏதோ ஒரு சிலிண்டர் மோசமாக மிஸ் ஆகிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அது சூடேறி உருகிப்போகும். அதன் விலையை ஒருமுறை விசாரித்தால் போதும், அப்புறம் யாரும் மின்னுகிற லைட்டோடு மலை ஏற்ற மாட்டார்கள்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் ஸ்கேனர் போட்டார். மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், பி0303 என்று வந்தது. சிலிண்டருக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கிற நாலு பிளக்கையும் கழற்றி ஒரு பழைய துணியின் மேல் வரிசையாக வைத்தார்.

"மேட்டுல ஏத்தறப்பத்தானுங்க தம்பி மிஸ் ஆச்சு?" என்று கேட்டார்.

"ஆமாங்கண்ணா. சமவெளியில ஒண்ணுமே இல்லைங்க."

ஒரு பிளக்கை எடுத்துப் பக்கத்திலேயே புதுப் பிளக் ஒன்றையும் வைத்துக் காட்டினார். புதியதில் நடு முனை வெட்டி எடுத்த மாதிரி தட்டையாக, விளிம்பு கூர்மையாக இருந்தது. என்னுடையதில் அது தேய்ந்த சாக்பீஸ் மாதிரி உருண்டு போயிருந்தது. முனைக்கும் அதன் எதிரே இருக்கிற தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, அதாவது கேப்பை, அளக்க ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தோம். 1.0 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கேப் 1.4-ஐத் தொட்டிருந்தது. வண்டி 48,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கையேட்டில் 40,000-த்தில் மாற்றச் சொல்லியிருக்கிறது. சர்வீஸ் பில்லில் ஒவ்வொரு முறையும் 'பிளக் கிளீன்' என்று இருந்ததைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். கிளீன் செய்தால் கரிதான் போகும், தேய்ந்த உலோகம் திரும்பி வராது.

மலையில் மட்டும் ஏன் மிஸ் ஆனது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். பிளக்கின் வேலை இரண்டு முனைகளுக்கு நடுவே பொறியைத் தாண்டவைத்து, அங்கே இருக்கிற காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையைப் பற்றவைப்பது. அந்தக் கலவை எவ்வளவு நெருக்கி அழுத்தப்பட்டிருக்கிறதோ அவ்வளவு அதிக வோல்டேஜ் வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது சிலிண்டருக்குள் கலவை அதிகம் புகுந்து அழுத்தம் ஏறுகிறது. சமவெளியில் பாதி மிதியில் ஓடும்போது தேய்ந்த பிளக்கே ஒப்பேற்றிவிடும். ஏற்றத்தில் முடியாது. கேப் அகலமானாலும் வோல்டேஜ் கூட வேண்டும், விளிம்பு மழுங்கினாலும் கூட வேண்டும். கூரான இடத்திலிருந்து மின்சாரம் எளிதாகப் பாயும், உருண்டை முனையிலிருந்து பாயாது. இந்த மூன்றும் ஒன்பதாவது வளைவில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கிற காயிலால் அதற்கு மேல் கொடுக்க முடியவில்லை.

அதனால் உங்கள் வண்டி ஏற்றத்திலோ ஓவர்டேக் எடுக்கும்போதோ மட்டும் வெட்டினால், ஐட்லிங் நன்றாக இருந்தாலும், முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் அப்புறம்.

சரி, புதிதாக எதைப் போடுவது? அண்ணன் பழையபடி சாதாரண நிக்கல் பிளக்கே போதும் என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன்.

கடைகளில் 'காப்பர் பிளக்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் செம்பு உள்ளே இருக்கிறது, முனையில் இல்லை. சூட்டைச் சீக்கிரம் கடத்துவதற்காக நடுத்தண்டின் உள்ளே செம்பை வைத்து, வெளியே நிக்கல் கலவையால் மூடியிருப்பார்கள். செம்பு 1085 டிகிரியிலேயே உருகிவிடும், பொறியை நேராகத் தாங்காது. நிக்கல் 1455 டிகிரி வரை தாங்கும். பிளாட்டினம் 1768. இரிடியம் 2446. உருகுநிலை ஏற ஏற முனை தேய்வது குறைகிறது. அதனால் முனையை மெலிதாகவும் செய்யலாம். நிக்கல் பிளக்கின் நடு முனை பொதுவாக 2.5 மில்லிமீட்டர் தடிமன். இரிடியத்தில் அது 0.4, 0.6 என்று ஊசி மாதிரி இருக்கும். மெல்லிய முனை என்றால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாண்டும், முளைவிடும் நெருப்பின் சூட்டை முனை உறிஞ்சிக்கொள்வதும் குறைவு. இரிடியம் மட்டும் தனியாக இருந்தால் அதிகச் சூட்டில் காற்றோடு சேர்ந்து அரித்துப்போகும், அதனால் கொஞ்சம் ரோடியம் கலக்கிறார்கள். பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் தோண்டும்போது கூடவே கிடைக்கிற உலோகம் இது. விலை ஏன் அப்படி என்பது அதிலேயே தெரியும்.

படித்ததும் ஆசை வந்துவிட்டது. கோவைக்குப் போய் ஒன்று 750 ரூபாய் வீதம் நாலு இரிடியம் பிளக் வாங்கி வந்து போட்டேன். வண்டி சீறிக்கொண்டு போனது. அடுத்த மாதமே வால்பாறை போய் வந்தோம், நாற்பது வளைவும் ஒரு வெட்டல் இல்லாமல். மைலேஜ் பதினான்கிலிருந்து பதினாறுக்கு ஏறியது. நான் டேங்க் நிரப்பும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவன், அதனால் கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. சொந்தக்காரர்கள், ஆபீஸில் இருப்பவர்கள் என்று கேட்ட எல்லாரிடமும் இரிடியம் போடுங்கள், மைலேஜ் ஏறும் என்று சொன்னேன்.

அது தவறு. அப்படிச் சொன்னதற்கு இன்றும் வருந்துகிறேன். ஏன் என்று நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

2022 கடைசியில், 82,000 கிலோமீட்டரில், அண்ணன் வேறு வேலைக்காக வண்டியைத் திறந்திருந்தபோது பிளக்கையும் பார்க்கச் சொன்னேன். லட்சம் கிலோமீட்டர் வரும் என்ற நம்பிக்கையில் சும்மா பார்க்கத்தான் சொன்னேன். நாலிலும் நடு முனை புதுசு போல இருந்தது. ஆனால் இரண்டு பிளக்கில் மட்டும் மேலே வளைந்து நிற்கிற தகடு, அதாவது பொறி போய் விழுகிற பக்கம், குழிந்து போயிருந்தது. நகத்தால் தடவினால் பள்ளம் பட்டது. அந்த இரண்டிலும் கேப் 1.3. மற்ற இரண்டில் 1.1 தான்.

ஒரே என்ஜின், ஒரே பெட்ரோல், ஒரே நாளில் போட்ட பிளக். ஏன் இரண்டு மட்டும்? அண்ணன் காயிலைக் காட்டினார். என் வண்டியில் நாலு சிலிண்டருக்கு இரண்டே காயில். ஒரு காயிலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பிளக். ஒன்றும் நாலும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. ஒரு காயில் பொறி விடும்போது ஜோடியில் இரண்டு பிளக்கிலும் பொறி வரும். ஒன்று வேலை செய்கிற சிலிண்டர், இன்னொன்று அப்போது புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிற சிலிண்டர். அந்தப் பொறி வீண். இதில் ஒரு பிளக்கில் மின்சாரம் நடு முனையிலிருந்து தகட்டுக்குப் போனால், அதன் ஜோடியில் தகட்டிலிருந்து நடு முனைக்கு வரும். எந்தப் பக்கம் எதிர்மின்னோ அந்தப் பக்கம்தான் அதிகம் அரிக்கும். நான் வாங்கிய பிளக்கில் நடு முனை மட்டும்தான் இரிடியம், தகடு வெறும் நிக்கல். விலை கொடுத்து வாங்கிய உலோகம் இரண்டு பிளக்கில் தேய்மானம் குறைவான பக்கத்தில் சும்மா இருந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் பிளக்குகள் இரண்டு மடங்கு வேலை செய்கின்றன என்பதும் அப்போதுதான் உறைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் 48,000 கிலோமீட்டருக்கு 1,200 மணி நேரம், அதாவது 72,000 நிமிடம். என்ஜின் சராசரி 2,000 சுற்று என்று வைத்தால் தனி காயில் உள்ள வண்டியில் ஒரு பிளக் நிமிடத்துக்கு ஆயிரம் பொறி, மொத்தம் 7.2 கோடி. என் வண்டியில் வீண் பொறியையும் சேர்த்தால் 14.4 கோடி. சாக்பீஸ் மாதிரி தேய்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இந்த மாதிரி வண்டிக்கு இரண்டு பக்கமும் விலையுயர்ந்த உலோகம் வைத்த பிளக் வேண்டும். டபுள் பிளாட்டினம் என்று வருவது அதற்குத்தான். சில இரிடியம் பிளக்கிலும் தகட்டில் ஒரு சின்னப் பிளாட்டினம் பொட்டு ஒட்டியிருப்பார்கள், வாங்கும்போது தகட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். என் என்ஜினுக்கான நம்பரில் அப்படி ஒன்று எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. அதனால் ஒன்று 130 ரூபாய்க்குச் சாதாரண நிக்கல் பிளக்கையே போட்டேன்.

நோட்டைத் திறந்து பார்த்தேன். புது நிக்கல் போட்ட பின் நாலு டேங்க். மைலேஜ் அதே பதினாறு, அரை கிலோமீட்டர் வித்தியாசம் கூட இல்லை. 2018-இல் ஏறிய இரண்டு கிலோமீட்டர் இரிடியம் தந்ததல்ல, தேய்ந்த பிளக்கைத் தூக்கி எறிந்ததால் வந்தது. எந்தப் புது பிளக் போட்டிருந்தாலும் வந்திருக்கும். அண்ணன் அன்றே சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை.

செலவுக் கணக்கும் நான் நினைத்த மாதிரி இல்லை. நிக்கலைக் கையேட்டின் 40,000 வரை விடாமல் 20,000-க்கு ஒருமுறை மாற்றினால் லட்சம் கிலோமீட்டருக்கு ஐந்து செட், 2,600 ரூபாய். இரிடியம் லட்சம் வரை வந்தால் ஒரே செட், 3,000. கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியென்றால் விலையை வைத்து முடிவெடுப்பதில் அர்த்தமில்லை. நான் இப்போது பார்ப்பது மூன்று விஷயம். கையேட்டில் என்ன போட்டிருக்கிறது? காயில் தனித்தனியா, ஜோடியா? பிளக்கைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டம்? போனட்டைத் திறந்ததும் நாலு பிளக்கும் கைக்கு எட்டினால் நிக்கல் போட்டு அடிக்கடி மாற்றுவதில் ஒரு சிரமமும் இல்லை. மேலே காற்று உள்ளே போகிற குழாய்களான இன்டேக் மானிஃபோல்டைக் கழற்றினால்தான் பிளக் தெரியும் என்கிற வண்டியில் ஒவ்வொரு முறையும் கூலியே பிளக் விலையைத் தாண்டிவிடும். அதற்கு இரிடியம்தான் சரி.

இன்னொன்றும் உண்டு. என் வண்டி வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. லட்சம் கிலோமீட்டர் வரட்டும் என்று ஒரே பிளக்கைப் பன்னிரண்டு வருடம் என்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டுக்குள் விட்டுவைத்தால் த்ரெட் (மரை) பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது உடைந்தால் ஹெட்டை இறக்க வேண்டிவரலாம். குறைவாக ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் வருடத்தையும் பாருங்கள்.

இதெல்லாம் படித்துவிட்டு எல்லா வண்டிக்கும் நிக்கலே போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் மச்சான் அப்படிச் செய்து பட்டார். அவருடையது மூன்று சிலிண்டர் டர்போ. கையேட்டில் இரிடியம் என்று தெளிவாக இருக்கிறது. ஒரு பட்டறையில் பிளக்குத்தானே என்று மலிவான நிக்கலைப் போட்டுக் கொடுத்தார்கள், கேப்பைக்கூட அளக்கவில்லை. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது, அழுத்தம் அதிகம், அதனால் கேப் குறைவாக இருக்க வேண்டும். அவர் வண்டிக்கு 0.7 முதல் 0.8 வரை. பெட்டியிலிருந்து எடுத்த பிளக்கில் 1.1 இருந்தது. பைபாஸில் லாரியைத் தாண்ட ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி பின்னால் இழுக்கிற மாதிரி இருக்கும். ஆறு மாதம் அப்படியே ஓட்டியதில் ஒரு காயில் போய்விட்டது. பொறி தாண்டச் சிரமப்பட்டால் காயில் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும், ஒருநாள் உள்ளே இருக்கிற இன்சுலேஷன் உடைந்துவிடும். பிளக்கில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு காயிலுக்குப் போனது.

அங்கே இன்னொரு குழப்பமும் நடந்தது. போட்டது வேறு கம்பெனிப் பிளக், ஆனால் 'நம்பர் ஒன்றுதான்' என்று சொல்லிவிட்டார்கள். பிளக்கின் மேல் இருக்கிற நம்பரில் ஒன்று சூட்டு அளவைச் சொல்வது. என்ஜிகே, டென்சோ பிளக்கில் அந்த எண் கூடினால் பிளக் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். பாஷ் பிளக்கில் எண் கூடினால் நேர்மாறு, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணைப் பார்த்து இதுவும் அதுவும் ஒன்று என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. பிளக்கின் முனை ஏறக்குறைய 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டிக்கொண்டே போனால் பொறி வரும் முன்னரே கலவை பற்றிக்கொள்ளும், அது பிஸ்டனுக்கு ஆபத்து. உலோகம் எது என்பதைவிட இந்த எண் சரியாக இருப்பது முக்கியம் என்று நான் சொல்வேன். தவறான எண்ணில் இரிடியம் போடுவதைவிடச் சரியான எண்ணில் நிக்கல் போடுவது மேல்.

கேஸ் போட்ட வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சிஎன்ஜி பற்ற பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும், பிளக் சீக்கிரம் தேயும். கிட் போட்டவரிடம் கேப் எவ்வளவு என்று கேட்டு, பெட்ரோலுக்குச் சொன்னதைவிட முன்னதாகவே மாற்றுங்கள்.

போலிப் பிளக்குகள் நிறைய இருக்கின்றன, அதிலும் இரிடியத்தில். நான் பில் கொடுக்கிற கடையில்தான் வாங்குகிறேன். வாங்கியதும் வெளிச்சத்தில் முனையைப் பார்ப்பேன். ஊசி முனை நேர் நடுவில் நிற்க வேண்டும், அடியில் சுற்றிலும் ஒரே சீராக வெல்டிங் இருக்க வேண்டும். நாலையும் பக்கம் பக்கமாக வைத்தால் எழுத்து, வாஷர், த்ரெட் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

மாட்டும் முறையை அண்ணன் கையிலிருந்து கற்றுக்கொண்டேன். என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கழற்றும் முன் பிளக் குழியில் காற்றடித்து மண்ணை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். அப்புறம் அவர் செய்கிற வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு சாண் நீள பெட்ரோல் ஹோஸை எடுத்துப் பிளக்கின் தலையில் சொருகி, அதைப் பிடித்து இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே பிளக்கை உள்ளே இறக்குவார். த்ரெட் சரியாக விழுந்தால் வழுக்கிக்கொண்டு போகும். கோணலாக விழுந்தால் பிளக் நின்றுவிடும், ஹோஸ் மட்டும் சுற்றும். ஸ்பானரால் ஆரம்பித்தால் இந்த எச்சரிக்கை கிடைக்காது, அலுமினிய ஹெட்டின் த்ரெட் போன பிறகுதான் தெரியும்.

கையால் முழுக்க இறங்கியதும், சரியான அளவுக்கு இறுக்க உதவுகிற டார்க் ரெஞ்ச். என் வண்டியில் 14 மில்லிமீட்டர் த்ரெட், 25 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டர் த்ரெட் என்றால் 15 முதல் 20 வரைதான். ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் வைத்த புது பிளக்கைக் கையால் இறுக்கிய பின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்துங்கள். த்ரெட்டில் கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், வழுக்கலில் அளவுக்கு மேல் இறுகிவிடும். இரிடியம் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. கேப் சரிசெய்ய வேண்டியிருந்தால் மேல் தகட்டை மட்டும் பிடித்து வளைக்க வேண்டும், ஊசி முனையில் எதையும் சாய்க்கக் கூடாது, உடைந்துவிடும்.

பழைய பிளக்கைக் கழற்றியதும் எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று எண் போட்டு வரிசையாக வைத்துப் பாருங்கள். காப்பித்தூள் நிறத்தில் லேசாகப் படிந்திருந்தால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டரிலிருந்து தேட ஆரம்பிக்கலாம். எண்ணெய் பிசுபிசுப்பு என்றால் பிஸ்டன் ரிங், வால்வு சீல். சுண்ணாம்பு போல வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் என்ஜின் அதிகம் சூடாகிறது, அதைப் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.

2025 தொடக்கத்தில் 1,02,000-இல் மறுபடி நிக்கல் செட் மாற்றினோம். கழற்றியதில் கேப் 1.15 தான், ஆனாலும் மாற்றிவிட்டேன். அதில் நல்லதாக இரண்டைத் துணியில் சுற்றி, 16 மில்லிமீட்டர் பிளக் ஸ்பானரோடும் அந்த ஒரு சாண் ஹோஸோடும் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடிமேல் வெள்ளை மார்க்கரால் 1,22,000 என்று எழுதியிருக்கிறது.